பதினேழு பேரை எந்தப் பிரிவில் வைப்பது

ரீட்டா அக்காவுக்குப் பயம் வந்தால் கை காய் எடுக்க ஆரம்பித்துவிடும். ஏலச் செடியின் அடியில் குனிந்து காயைக் கிள்ளுகிற அதே அசைவு. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மட்டும், வெறுங்காற்றில். இருபத்திரண்டு வருடமாக மலைக்குப் போய்வரும் கை அது. என் கடை மேஜையின் விளிம்பில் அந்தக் கை காய் எடுத்துக்கொண்டிருந்ததை இரண்டு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

அனுமந்தன்பட்டி மெயின் ரோட்டில் என் கடை. ஜெராக்ஸ், டி.டி.பி., ஆன்லைனில் செய்யக்கூடிய எல்லா விண்ணப்பமும். நேர் எதிரே மலைக்குப் போகும் ஜீப்புகள் நிற்கும் இடம். காலை ஐந்தரைக்கெல்லாம் பெண்கள் தூக்குவாளியும் சாக்குமாக வந்து நிற்பார்கள். கம்பம் தாண்டி, மேட்டுப்பாதை ஏறி, கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குப் போய்விட்டு இருட்டும்போது திரும்புவார்கள். ஜீப்புகளில் மூன்று சீனிச்சாமியுடையவை. அவருடைய பெர்மிட், ஆர்.சி. எல்லாவற்றுக்கும் நகல் எடுப்பது நான்தான்.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. ஒன்பதாவது வரை படித்தவர். கணவர் ஞானமுத்து காய்ச்சலில் போய் வெகுகாலம் ஆகிறது. ஒரே மகள் ஷீபா திருப்பூரில் வேலை பார்க்கிறாள். அக்காவின் கையெழுத்து அச்சடித்ததுபோல இருக்கும். அதனால் சீனிச்சாமியின் முதல் ஜீப்பில் பேர் எழுதுகிற வேலை அவருடையது. தினமும் யார் யார் ஏறினார்கள் என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தோட்டத்தில் ஆள் சரிபார்க்க அந்த நோட்டைத்தான் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாசகம் வாசிப்பதும் அவர்தான். ஆனால் வாசித்து முடித்ததும் கடைசி பெஞ்சுக்குப் போய்விடுவார். எல்லோரும் நற்கருணை நன்மை வாங்க வரிசையில் நிற்கும்போது அவர் மட்டும் தலையைக் குனிந்து முழங்காலில் இருப்பார். ஏழு வருடமாக அவர் நாவில் அப்பம் படவில்லை. ஏன் என்று ஊரில் பலருக்கு ஊகம் இருந்தது. எனக்குத் தெரிந்தது அவர் புத்தகமாக எழுதிக் கொண்டுவந்த நோட்டுகளைத் தட்டச்சு செய்தபோதுதான்.

ஏழு வருடத்துக்கு முன், ஐப்பசி மழையில், சீனிச்சாமியின் ஜீப் இறக்கத்தில் ஒரு வளைவில் கவிழ்ந்தது. உள்ளே பதினேழு பெண்கள். ஒன்பது பேருக்குத்தான் அனுமதி. ராஜமணி என்பவர் அந்த இடத்திலேயே இறந்துபோனார். போலீஸ் வருவதற்கு முன்னால் சீனிச்சாமி இன்னொரு ஜீப்பில் வந்துவிட்டார். பதினேழு என்று தெரிந்தால் இன்சூரன்ஸ்காரன் கையை விரித்துவிடுவான், செத்தவள் பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடைக்காது என்றார். எட்டுப் பேரைப் பிரித்துத் தன் ஜீப்பில் ஏற்றி அனுப்பினார். அக்காவிடம் நோட்டைக் கொடுத்து அன்றைய தாளைக் கிழிக்கச் சொன்னார். அக்கா மழைக்குள் ஒரு கல்லில் உட்கார்ந்து, யாரோ பிடித்த குடையின் கீழ், ஒன்பது பேரை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு ஸ்டேஷனிலும் அதையே சொன்னார்.

பிரித்து அனுப்பிய எட்டுப் பேரில் ஒருத்தி சுபாஸ்ரீ. பத்தொன்பது வயது. கல்லூரி விடுமுறையில் மலைக்கு வந்த மூன்றாவது நாள். தலையில் அடி. மாடிப்படியில் விழுந்துவிட்டாள் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான்காம் நாள் இறந்துபோனாள். ஜீப்பில் இறந்தவர்கள் கணக்கில் அவள் இல்லை. ஜீப்பில் ஏறியவர்கள் கணக்கிலேயே அவள் இல்லை.

இதைத்தான் அக்கா எழுதியிருந்தார். மதியச் சோற்று நேரத்தில், ஏலச் செடி நிழலில், இரண்டு வருடம். பதினேழு பேருக்குப் பதினேழு அத்தியாயம். யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தாள், தூக்குவாளியில் என்ன கொண்டுவந்தாள், வளைவு வருவதற்கு முன் கடைசியாக என்ன பேசினாள். "சுபாஸ்ரீ ஜன்னலோரம் கேட்டாள். ஜீப்பில் ஏது ஆத்தா ஜன்னல் என்று எல்லோரும் சிரித்தோம்." இப்படித்தான் இருக்கும் வரிகள். ஒரு உவமை கிடையாது. நான் கவிதை படிக்கிறவன். அந்த வரியைத் தட்டச்சு செய்துவிட்டு எழுந்துபோய் மோட்டார் போட்டுத் தண்ணீர் பிடித்துவிட்டு வந்தேன்.

பெண்களின் பேர்களையெல்லாம் அப்படியே வைத்திருந்தார். சீனிச்சாமியின் பேர் மட்டும் இல்லை. 'வண்டிக்காரர்' என்று இருந்தது.

"பேர்களை மாத்திக்கிருவமாக்கா?" என்று ஒரு முறை கேட்டேன்.

"ஒருக்கா மாத்தி எழுதுனதுதேன் போதுமே தம்பி," என்றார்.

பதிப்பகத்துக்கு அனுப்ப அக்காவுக்குத் தைரியம் இல்லை, கேள்வி கேட்பார்கள். நாமே ஆன்லைன் கடையில் ஏற்றிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். என் கவிதைகளை ஒருமுறை அப்படி ஏற்றியிருக்கிறேன். மூன்று பிரதி போனது. அதில் ஒன்று நான் வாங்கியது. ஆக, வேலை தெரியும்.

அட்டை, விவரம், எல்லாம் முடிந்து கடைசியாக அந்தப் பக்கம் வந்தது. புத்தகம் எந்தப் பிரிவில் சேர வேண்டும் என்று கேட்கும் பக்கம். ஒன்றைத் தொட்டால் உள்ளே இருபது, அதில் ஒன்றைத் தொட்டால் இன்னும் இருபது என்று விரியும்.

"இதென்ன தம்பி, இம்புட்டு இருக்கு?"

"கேட்டகிரிக்கா. கடையில எந்த அலமாரியில வைக்கணும்னு நாமதான் சொல்லணும். மூணு வரைக்கும் சொல்லலாம்."

"நாம சொன்னா அப்படியே நம்பிருவாகளா?"

"நம்பித்தான் வைப்பாக."

"ஸ்டேசன்லயும் அப்படித்தேன். நாஞ் சொன்னத அப்படியே எழுதிக்கிட்டாக."

நான் பட்டியலை மெதுவாக நகர்த்தினேன். சமையல். சோதிடம். குழந்தை வளர்ப்பு. பக்தி.

"பக்தியில போட்டுருவமா? மாதாவ ஆறு எடத்துல சொல்லிருக்கேன்ல."

"அங்கன போட்டா ஃபாதர் வாங்கிருவாருக்கா."

சிரித்தார். சிரித்து முடித்த பிறகு குரல் தாழ்ந்தது. "நெசம்னு ஒரு பெட்டி இருக்கா?"

இருந்தது. வாழ்க்கை வரலாறு. அதற்குள் நினைவுக்குறிப்பு. அதற்குள் உண்மைச் சம்பவங்கள். அம்புக்குறியை அதன் மேல் கொண்டுபோய் வைத்தேன்.

"இதத் தொட்டா?"

"தொட்டா, இது நடந்ததுன்னு நாம சொல்றோம்னு அர்த்தம்."

"யாருட்ட சொல்றோம்?"

"பாக்குறவுகள்ட்ட," என்றேன்.

அக்காவின் கை காய் எடுக்க ஆரம்பித்தது. அந்த நேரத்தில்தான் கடை வாசலில் நிழல் விழுந்தது. சீனிச்சாமி. கையில் ஆர்.சி. புத்தகம். வெள்ளை வேட்டி, பாக்கெட்டில் இரண்டு போன்.

நான் திரையை மறைத்த வேகத்தில் மவுஸ் கீழே விழுந்தது.

"என்னாடா, பேயப் பாத்தவன் கணக்கா முழிக்கிற?" என்றவர் அக்காவைப் பார்த்தார். "நீ என்னா ரீட்டா இங்கன? லோனா?"

"இல்லண்ணே. ஆதாரு."

"ஆதார்ல என்னத்த மாத்தப் போற? வயசக் கொறைக்கிறியா?" அவரே சிரித்துக்கொண்டார். "கொறச்சுக்க, கொறச்சுக்க. அடுத்த மாசம் புதுத் தோட்டம் ஒண்ணு பேசிருக்கேன். இளவட்டமாத்தேன் வேணும்ங்கிறாக."

இரண்டு நகல் எடுத்துக் கொடுத்தேன். ஓரம் கோணலாக விழுந்திருந்தது. அவர் கவனிக்கவில்லை. ரோட்டைக் கடந்து ஜீப்புக்குப் பக்கத்தில் போய் நிற்கும் வரை அக்கா அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கதைன்னே போட்டுரு தம்பி," என்றார் அக்கா.

எனக்கு மூச்சு வந்தது. அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அக்கா அதைச் சொல்ல வேண்டும் என்றுதான் உள்ளுக்குள் காத்திருந்தேன். புனைவு என்பதைத் தொட்டேன். அதோடு விடவில்லை. புனைவிலும் ஆள் நடமாட்டம் இல்லாத மூலையாகத் தேடினேன். குறுநாவலில் ஆயிரக்கணக்கில் இருந்தன. நிறையப் பேர் பார்ப்பார்கள். ஒவ்வொரு பிரிவாக உள்ளே போய் எண்ணிக்கை பார்த்தேன். 'மலையும் காடும்' என்று ஒன்று. மொத்தம் பதினொரு புத்தகம். யாரும் வராத அறை. அங்கே கொண்டுபோய்ப் பதினேழு பேரையும் வைத்து, மற்ற இரண்டு இடத்தைக் காலியாக விட்டேன்.

"அங்கன யாரும் வர மாட்டாகல்ல?"

"ஈ காக்கா வராதுக்கா."

பயந்தவன் செய்கிற கணக்கு அது. பன்னிரண்டு புத்தகம் இருக்கிற அறையில் எதையும் ஒளித்துவைக்க முடியாது என்பது எனக்குத் தோன்றவில்லை.

புத்தகம் கடையில் ஏறின மறுநாள் ஷீபா திருப்பூரில் ஒன்று வாங்கினாள். அவளுடைய அறைத் தோழிகள் இரண்டு பேர் வாங்கினார்கள். நான் ஒன்று வாங்கினேன். அவ்வளவுதான், நாலு பிரதி. அந்த மூலையில் அதுவே பெரிய கூட்டம். மூன்றாம் நாள் புத்தகத்தின் அட்டைக்குப் பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டை வந்தது. 'மலையும் காடும்: முதலிடம்.' ஷீபாவுக்கு விவரம் ஒன்றும் தெரியாது. அம்மா கதைப் புத்தகம் எழுதியிருக்கிறார் என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தோம். அவள் இன்னும் வாசிக்கவில்லை. சந்தோஷத்தில் படம் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். 'எங்க அம்மா நம்பர் ஒன்.' கைகூப்பும் பொம்மைகள் நாற்பது, ஐம்பது வந்து விழுந்தன. கோயில் பங்குப் பேரவைக்காரர்கள் வாழ்த்துச் சொன்னார்கள். முந்நூற்றுச் சொச்சம் பேர் இருக்கிற குழு. அதில் சீனிச்சாமியும் உண்டு.

அவர் ஒன்றும் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஒப்புக்கு நானும் போட்ட வாழ்த்தை அவர் பார்த்துவிட்டார் என்பதற்கான நீலக் குறியை நான் அன்று எத்தனை முறை திறந்து பார்த்தேன் என்று சொல்ல முடியாது.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் வந்தார். கடையில் வேறு யாரும் இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனை நீட்டினார்.

"நானும் வாங்கிட்டேன்டா. மருமகன் போட்டுக் குடுத்தான். ராத்திரி பூரா வாசிச்சேன்."

போனை வாங்கினேன். அக்கா புத்தகத்தின் பக்கம் திறந்திருந்தது.

"வண்டிக்காரர், வண்டிக்காரர்னு பக்கத்துக்குப் பக்கம் வாரேன். என்னிய இம்புட்டு நேரம் எம் பொண்டாட்டிகூட நெனச்சதில்ல." சிரித்தார். பிறகு விரலால் அட்டைக்குக் கீழே தொட்டுக் காட்டினார். "இங்கன என்னா போட்டிருக்கு? வாசி."

"புனைவு."

"அப்படின்னா?"

"கதைண்ணே."

"நடந்ததா, நடக்காததா?"

"கதைன்னா... கற்பனை."

"இதப் போட்டது யாரு? கடைக்காரனா?"

"எழுதுனவுகதான் போடணும்."

"அவளேதான போட்டா?"

தலையை ஆட்டினேன். மூலையைத் தேடிப் பிடித்தது நான் என்று சொல்லவில்லை.

"அது போதும்." அவர் முகம் அப்படியே தளர்ந்தது. ஏழு வருடமாக அவரும் ஏதோ ஒன்றைக் கெட்டியாகப் பிடித்திருந்திருக்க வேண்டும். "இந்தப் பக்கத்தப் பிரிண்ட் எடு. கலர்ல எடு. லேமினேட் பண்ணிரு. நாளப்பின்ன எவனாச்சும் கிண்டுனா எடுத்துக் காட்டலாம்ல. எழுதுனவளே கத விட்டிருக்கேன்னு ஒத்துக்கிட்டா, பாத்துக்கடான்னு."

எடுத்துக் கொடுத்தேன். லேமினேட் இயந்திரத்துக்குள் தாள் மெல்லப் போய் மெல்ல வெளியே வந்தது. என் கையில் இதுவரை அத்தனை சுத்தமாக ஒன்று வந்ததில்லை. ஒரு குமிழிகூட இல்லை. சூடு ஆறுவதற்கு முன்பே வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அக்காவிடம் சொல்லலாம் என்று ஜீப் வருவதைப் பார்த்து வாசலில் நின்றேன். அக்கா இறங்கி, என்னைப் பார்த்து, "ஓனரு ஒண்ணும் சொல்லல தம்பி. சிரிச்சாக," என்றார். முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு நிம்மதி. அதை உடைக்க எனக்கு மனம் வரவில்லை. மனம் வரவில்லை என்பது நல்ல வார்த்தை. பயம்.

மறுநாள் மகாலட்சுமி வந்தார். சுபாஸ்ரீயின் அம்மா. நூறுநாள் வேலைக்குப் போய்விட்டு அப்படியே வந்திருந்தார், காலெல்லாம் செம்மண். அவருக்கு வாசிக்கத் தெரியாது.

"சுபா பேரு இருக்காமே அதுல. எந்தப் பக்கம்?"

திறந்து காட்டினேன். எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். திரை நகர்ந்துபோனது. பதறிக் கையை எடுத்துக்கொண்டார். "நீயே வாசி."

அந்த அத்தியாயம் ஏழு பக்கம். வாசித்தேன். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றே கேட்டார். ஜன்னலோரம் கேட்ட இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"ஜன்னலா கேட்டா?"

"அப்படித்தான் எழுதிருக்காக."

"வெளிய வேடிக்க பாக்கணும்னா உசுரு அவளுக்கு." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஓனரு ஒரு அட்டைய வச்சுக்கிட்டு டீக்கடையில காட்டுறாரு தம்பி. ரீட்டா எழுதுனது பூராம் கற்பன, அவளே அப்படித்தேன் போட்டிருக்கான்னு. அப்ப எம் புள்ள ஜன்னல் கேட்டதும் கற்பனதானா?"

நான் மேஜையிலிருந்த தாள்களை அடுக்கினேன்.

"சொல்லு தம்பி. படிச்ச பய தானே நீ?"

"தெரியலம்மா."

"ஆசுபத்திரியில மாடிப்படின்னு சொன்னது நாந்தேன். அப்படிச் சொல்லு, இல்லாட்டி கேசாயிரும், போஸ்ட்மாட்டம் பண்ணி அறுத்துருவாகன்னாக. சொன்னேன்." குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "எங்க வீட்டுல மாடியே கெடையாது தம்பி. யாருமே கேக்கல."

அவர் போன பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். நான் வைத்த இடம் அது. புத்தகத்தில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. எல்லாப் பேரும் அப்படியே இருக்கின்றன. அட்டைக்குக் கீழே ஒரே ஒரு சொல், எட்டுப் புள்ளி அளவில், சாம்பல் நிறத்தில். அது போதுமானதாக இருந்தது, பதினேழு பேரையும் மறுபடி இறக்கிவிட.

சாயங்காலம் ஜீப் வந்ததும் அக்காவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அந்த லேமினேட் அட்டையை நான் அச்சடித்ததையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டார்.

"மகாலட்சுமி அழுதாளா?"

"இல்லக்கா."

"அழ மாட்டா." கை காய் எடுத்துக்கொண்டிருந்தது. "சாமியாருட்ட பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன் தம்பி, அப்பவே. மன்னிப்பு உண்டும்மா, ஆனா யாருட்ட பொய் சொன்னியோ அவுகள்ட்டயும் நெசத்தச் சொல்லணும்ல, அப்படின்னாரு. அதுக்குத்தேன் எழுதுனேன். எழுதிட்டு, அதையும் பொய்யின்னு போட்டுட்டு வந்துட்டேன் பாத்தியா?"

"நானுந்தான்க்கா பயந்து போட்டேன்."

"உன்னிய யாரு சொன்னா? ஒனக்கென்ன, கடையப் பூட்டிட்டு ஒங்க மாமா வீட்டுக்குப் போயிருவ. நா நாளக் காலையில அவரு வண்டியிலதேன் ஏறணும்." சொல்லிவிட்டு, சொன்னது தனக்கே அப்போதுதான் கேட்டதுபோல நிறுத்தினார். பிறகு, "மாத்த முடியுமா?"

"முடியும்."

"மாத்துனா அவருக்குத் தெரியுமா?"

"பாத்தா தெரியும்."

"பாப்பாரு. தெனம் பாக்குறாரு." எழுந்து வந்து திரைக்கு முன்னால் நின்றார். "எங்கன இருந்துச்சு அது? அந்த நெசம்?"

எடுத்துக் கொடுத்தேன். வாழ்க்கை வரலாறு. நினைவுக்குறிப்பு. உண்மைச் சம்பவங்கள். மவுஸைப் பிடிக்க அவருக்குத் தெரியாது. உள்ளங்கையை அதன் மேல் வைக்கச் சொன்னேன். அம்புக்குறி திரை முழுக்க நடுங்கியது. நான் பிடித்துக்கொள்ளட்டுமா என்றேன்.

"வேணாம். தாளக் கிழிச்சதும் இந்தக் கைதேன்."

சிலுவை போட்டுக்கொண்டு அழுத்தினார். பெட்டியில் நீல நிறத்தில் ஒரு குறி விழுந்தது. 'உங்கள் மாற்றம் பரிசீலனையில் உள்ளது. எழுபத்திரண்டு மணி நேரம் வரை ஆகலாம்.'

"மூணு நாளா?" என்றார் அக்கா. "அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் கதைதான்க்கா."

அடுத்த இரண்டு நாளும் அவர் அதே ஜீப்பில்தான் போய்வந்தார். அவரே பேர் எழுதினார். சீனிச்சாமி சிரித்த முகமாக இருந்தார், தீபாவளிக்கு எல்லோருக்கும் சேலை என்று சொன்னாராம். நான் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். புனைவு. மறுபடி. புனைவு. ஒவ்வொரு முறையும் மாறியிருக்க வேண்டும் என்றும் மாறியிருக்கக் கூடாது என்றும் ஒரே மூச்சில் நினைத்தேன். ரத்து செய் என்று ஒரு பொத்தான் இருந்தது. அதற்குள் இரண்டு முறை அம்புக்குறி அதன் மேல் போய் நின்றது. அது தானாகப் போகவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் அக்கா ஜீப்பிலிருந்து இறங்கி என்னைப் பார்த்தார். இல்லை என்று தலையசைத்தேன். "ஒவ்வொரு வளைவுலயும், இப்ப மாறிருக்குமோ, இப்ப மாறிருக்குமோன்னு இருக்கு தம்பி. முன்னால ஓட்டுறவனுக்குப் போன் வந்தாலே ஒண்ணுக்கு வந்துருது," என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

மூன்றாம் நாள் காலை ஐந்தேகாலுக்குக் கடையைத் திறந்தேன். மாறியிருந்தது. ஆரஞ்சுப் பட்டை போய்விட்டது. அந்தப் பெரிய அலமாரியில் பதினேழு பேரும் ஆறாயிரத்துச் சொச்சமாவது இடத்தில் இருந்தார்கள். இனி தேடி வருகிறவர்களுக்குத்தான் கிடைக்கும். தினமும் தேடி வருகிறவர் எதிரே ஜீப்பின் முகப்பில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். போன் கையில்தான் இருந்தது. அந்த வெளிச்சத்தில் முகத்தைப் பார்த்தேன். அவர் பார்த்துவிட்டிருந்தார்.

பெண்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். அக்கா வந்து படியில் காலை வைத்தபோது சீனிச்சாமி கதவுக்குக் குறுக்கே கையை வைத்தார்.

"எடமில்ல."

"ஏழு பேருதானண்ணே ஏறிருக்காக."

"இன்னும் ரெண்டு பேரு வாராக. ஒம்பதுக்கு மேல ஏத்தக் கூடாதுல்ல, சட்டமிருக்கு." ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார். "நீதேன் புஸ்தகமே எழுதிருக்கியே. ஒனக்குத் தெரியாததா?"

உள்ளே யாரோ இருமினார்கள். யாரும் இறங்கவில்லை. யாரும் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்களுக்கும் மேலே தோட்டம் காத்திருக்கிறது. சீனிச்சாமி அக்காவின் கையிலிருந்த நோட்டை வாங்கி இன்னொரு பெண்ணின் மடியில் போட்டார். இரண்டு பேர் ஓடிவந்து ஏறினார்கள். ஜீப் கிளம்பிப் போய்விட்டது. அவர் போகவில்லை. மற்ற இரண்டு ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

அக்கா ரோட்டைக் கடந்து கடைக்கு வந்தார்.

"மாறிருச்சா?"

"மாறிருச்சுக்கா."

"என்னா போட்டிருக்கு? வாசி."

"நினைவுக்குறிப்பு. உண்மைச் சம்பவங்கள்."

"எழவு வீட்ல பேசுற மாதிரி வாசிக்கிறியே. அங்கன நிக்கிறவுகளுக்குக் கேக்குதா அது?"

நான் வெளியே பார்த்தேன். டீக்கடை திறந்திருந்தது. இரண்டாவது ஜீப்புக்குப் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். எல்லாத் தலையும் எங்கள் பக்கம்தான் இருந்தன. எழுந்து நின்றேன். உட்கார்ந்துகொண்டு அத்தனை சத்தம் என்னால் போட முடியாது.

"நினைவுக்குறிப்பு," என்றேன். "உண்மைச் சம்பவங்கள்."

சீனிச்சாமி பீடியைக் கீழே போட்டு மிதித்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டைக் கடக்க ஆரம்பித்தார். என் கண் மேலே போனது. ஷட்டர் கைக்கெட்டும் உயரத்தில்தான் இருந்தது.

அக்கா அதைப் பார்த்தார். ஸ்டூலைத் தூக்கிக் கொண்டுபோய் வாசலிலேயே, ஷட்டர் இறங்குகிற கோட்டின் மேலேயே போட்டு, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தார். இரண்டு கையையும் மடியில் கோர்த்துக்கொண்டார்.

"மொதப் பேர்லருந்து வாசி," என்றார்.